நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க

எங்கள் கடைக்கு மூன்று வகை ஆட்கள் வருவார்கள். காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கப் போகிறவர்கள், ஏரியில் தூண்டில் போடப் போகிறவர்கள், சொந்த வீடு என்று ஒன்றை வாங்கிவிட்டு அதனிடம் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள். மூவரும் பொருள் வாங்க வந்திருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். பாதிப் பேர் வருவது என் பேச்சைக் கேட்க. நான் பீற்றிக்கொள்ளவில்லை, கடைக்காரரே அப்படித்தான் சொல்வார். அவர் என் அக்கா கணவர், எனக்கு மாமா. கடை அவருடையது, வாய் என்னுடையது. எந்தப் பேச்சையும் "நல்லா கேட்டுக்கோங்க" என்று நான் ஆரம்பிப்பதால் எனக்கு 'கேட்டுக்கோ' என்றே பெயர் வந்துவிட்டது.

கூடாரம் வாங்குகிறவர் கூரைத் துணியைத் தடவிப் பார்ப்பார். நான் அவரைக் குனிய வைத்து அடித்துணியைத் தடவச் சொல்வேன். மழை மேலேயிருந்து மட்டும்தான் வரும் என்பது கட்டிலில் தூங்குகிறவரின் நினைப்பு. ஏணி வாங்குகிறவரை இரண்டாம் படியில் ஏற்றி இடுப்பை ஆட்டச் சொல்வேன், வெட்கப்பட்டால் ஏணி கிடையாது. குழாய் வாங்குகிறவர் கையில் இரண்டைக் கொடுத்து எது கனம் என்று கேட்பேன். லேசானது ஒரே வருடத்தில் பல்லை இளித்துவிடும். தூண்டில்காரர்களுக்கு நைலான் நரம்பின் நுனியைக் காட்டுவேன். கத்தரியால் வெட்டிய நுனி நேராக நிற்கும், இழுத்து அறுந்த நுனி சுருண்டுகொள்ளும். சுருண்ட நுனியைப் பார்த்தால் அந்த நரம்பு ஏற்கெனவே எதனுடனோ மல்லுக்கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு தெரிந்த நான்தான் ஒரு மனிதனைச் சாகக் கொடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

டிரைவர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் ஸ்டியரிங்கிலிருந்து எழுப்பி, டிப்போவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் அவர் எங்கள் கடைக்கு வந்தது ஒழுகும் குழாய்க்காக. பழைய வீடு ஒன்றை வாங்கியிருந்தார், அது அவரை வாரம் தவறாமல் எங்களிடம் அனுப்பிவைத்தது. தாழ்ப்பாள், ஏணி, கூரை ஓட்டையை அடைக்கும் பசை எல்லாம் என் கையால் போனவை. பிறகு மகளின் பள்ளி விடுமுறைக்கு ஒரு கூடாரம். மேசை வேலை வந்தபின் தூண்டில். கன்னத்தில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய் ஒதுக்கி வைத்திருப்பார். நான் முழ நீளத்துக்குப் பேசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு பொருளைத் தூக்கிப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க?"

நான் ஒரு கையைத் தொடுவேன். மறு கையில் இருப்பதை உடனே அலமாரியில் வைத்துவிடுவார். என் பெண்டாட்டிகூட என்னை அந்த அளவுக்கு நம்பியதில்லை.

இனி லைஃப் ஜாக்கெட் கதைக்கு வருகிறேன். பஞ்சு அடைத்த பழைய ரகம் இல்லை இது. கழுத்தில் போட்டால் தடித்த பட்டை மாதிரிதான் இருக்கும், தூண்டில் வீச இடைஞ்சல் இருக்காது. தண்ணீரில் விழுந்தால் தொங்கும் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேஸ் குப்பி, அதில் ஓட்டை விழுந்து கண்ணிமைக்கும் நேரத்தில் ஜாக்கெட் ஊதிக்கொள்ளும். குப்பி ஒரு தடவைக்குத்தான். தெரியாமல் கை பட்டு இழுபடாமலிருக்க, கயிறு மாட்டிய லீவரை ஒரு பச்சை பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும். இழுத்தால் கிளிப் உடையும்.

ஒருநாள் தூண்டில் கிளப் ஆட்கள் மூன்று பேர் வந்து, "நிஜமாவே ஊதுமா?" என்று சந்தேகப்பட்டார்கள். என் முன்னால் அப்படிக் கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒரு பெட்டியைப் பிரித்து, போட்டுக்கொண்டு, இழுத்தேன். புஸ்ஸென்று ஊதியது. மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். ஊதியதை நான் காற்றிறக்கி மடித்தேன். மடிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, கம்பெனி மடிப்பா என் மடிப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. மாற்றுக் குப்பியும் கிளிப்பும் கைவசம் இல்லை. லீவர் தொங்கிக்கொண்டிருந்தது கண்ணை உறுத்தியதால் எட்டுக் கிலோ தாங்கும் பச்சைத் தூண்டில் நரம்பில் ஒரு துண்டு வெட்டி, லீவரை நானே முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஏழு சுற்றுச் சுற்றி, உள்ளே நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்குவது என் முடிச்சு. பிறகு பெட்டியில் போட்டுக் கீழ்த் தட்டில் வைத்தேன். பெட்டியின் மேல் 'காட்டுவதற்கு மட்டும்' என்று எழுத வேண்டும். பேனாவைத் தேடும்போது யாரோ ஏணி கேட்டார்கள். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று போனேன்.

அந்த அப்புறம் வரவே இல்லை. இரண்டு வாரம் கழித்து டிரைவர் வந்தார். விடுமுறை நாள், கடையில் கால் வைக்க இடமில்லை. ஏரியில் சின்னப் படகு வாடகைக்கு எடுக்கப் போவதாகவும், சம்சாரம் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். இரண்டு ரகத்தைத் தூக்கிப் பிடித்தார். கேட்டார். நான் கயிறு ரகத்தைத் தொட்டேன். அவர் அளவு மேல் தட்டில் இல்லை. குனிந்து கீழ்த் தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கயிற்றைக் காட்டினேன். கேஸ் ஏமாற்றினால் வாயால் ஊத ஒரு குழாயும் உள்ளே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே இல்லை, அன்று மட்டும் சொல்லவில்லை. பின்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

மறுநாள் காலை ஏரியில் காற்று கிளம்பிப் படகு கவிழ்ந்தது. நாணல் ஓரத்தில் அவரை எடுத்தார்கள். ஜாக்கெட் கழுத்தில் தட்டையாக இருந்தது.

அப்புறம் ஊர் பேச ஆரம்பித்தது. எங்கள் கடை கவுண்டரில் சாய்ந்துகொண்டே பேசினார்கள். "கயித்த இழுக்கவே இல்லையாம்." "கண்ணு போனதுல இருந்தே ஆளு ஒரு மாதிரிதான் இருந்தாரு." "மேசையில உட்கார வெச்சா டிரைவர் மனசு என்ன ஆகும்." போலீசும் அதே திசையில்தான் எழுதி மூடியது. கவுண்டரில் பேசியவர்கள் போனபின் கீழ்த் தட்டில் மிச்சமிருந்த அந்த அளவுப் பெட்டியைப் பிரித்தேன். பச்சை கிளிப் உடையாமல் இருந்தது. குப்பி கனமாக இருந்தது. நான் வைத்திருக்க வேண்டிய பெட்டி அவரிடம் போயிருக்கிறது. அவருக்குப் போயிருக்க வேண்டியது என் கையில் இருக்கிறது.

மாமாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"யாருக்குத் தெரியும், மச்சான்?"

"எனக்குத் தெரியுமே."

"அவரு இழுக்கவே இல்லைன்னு எல்லாருமே சொல்றாங்க. இழுக்காத ஜாக்கெட்ல குப்பி காலியா இருந்தா என்ன, நெறைஞ்சிருந்தா என்ன? வாயை மூடிக்கிட்டு இரு. உன் அக்கா இருக்கா, நாலு பேர் இதுல சாப்பிடறோம்."

அதைப் பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை, ஆகவே என் தப்பு எதையும் செய்யவில்லை. நல்ல சமாதானம்தான். ஆறு வாரம் அதில் தொங்கினேன்.

கடை வாசலுக்குள் ஒரு பொம்மை நிற்கும், தலையில்லாத ஆள் பொம்மை. அதற்கும் அதே ரக ஜாக்கெட் ஒன்றை மாட்டியிருந்தோம். இரண்டாம் வாரம் ஒரு காலை ஷட்டரைத் தூக்கினேன், பொம்மையின் ஜாக்கெட் ஊதி நின்றது. மாமா, "ஈரம் பட்டிருக்கும்" என்றார். ஈரம் பட்டால் தானே ஊதுவது வேறு ரகம், இது கயிறு இழுக்கும் ரகம். அவருக்குத் தெரியும். காற்றை இறக்கி, காலிக் குப்பியைக் கழற்றி எறிந்தேன், வேறு குப்பி போடவில்லை. இனி எப்படி ஊதும் என்று பார்க்கிறேன் என்று அந்தத் தலையில்லாத பொம்மையிடம் வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் காலை மறுபடி ஊதியிருந்தது. தோள்பட்டைப் பக்கம் வாயால் ஊதும் குழாய் வெளியே வந்திருந்தது. அதன் மூடி திறந்திருந்தது. நுனியைத் தொட்டேன், ஈரம். காற்றை இறக்குவதற்காக அழுத்தியபோது அது என் முகத்தில் வந்து பட்டது, பெப்பர்மிண்ட் வாசனை. பயந்துபோய்க் கூடார வரிசைக்குள் நுழைந்து, காட்சிக்கு விரித்திருந்த கூடாரத்துக்குள் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயது ஆள். வாடிக்கையாளர் ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்து, "அடித்துணி எப்படி?" என்று கேட்டார்.

அதன்பின் வாரத்தில் இரண்டு நாளாவது அது நடந்தது. மாமா கடைச் சாவியை என்னிடமிருந்து வாங்கி இரண்டு நாள் தானே திறந்து பார்த்தார், மூன்றாம் நாள் சாவியைத் திருப்பித் தந்தார். பொம்மையைக் கிடங்கில் போடலாம் என்றால் தொட இருவருக்கும் தைரியமில்லை. என் பேச்சும் வற்றிவிட்டது. யாராவது இரண்டு தாழ்ப்பாளைக் கையில் எடுத்தாலே, அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்களோ என்று கழிவறைப் பக்கம் நழுவிவிடுவேன்.

ஏழாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிரைவரின் மனைவி வந்தார். பள்ளிச் சீருடை தைக்கிறவர், தோளில் அளவு நாடா அப்படியே கிடந்தது. துணிப் பையிலிருந்து அந்த ஜாக்கெட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். போலீஸ் முந்தின நாள்தான் திருப்பிக் கொடுத்ததாம்.

"அண்ணே, உங்களைத்தான் கேக்கணும்னு அவரு எப்பவும் சொல்வாரு. அதான் வந்தேன்." ஓரத்து மடிப்பைப் பிரித்து லீவரைக் காட்டினார். அதில் பச்சை நரம்பு ஒன்று முடிச்சோடு தொங்கியது. "இது மெஷின் போட்டதில்ல. கையால கட்டினது. எனக்கு நூலைப் பார்த்தா தெரியும். கயிறு இழுபடக் கூடாதுன்னு கட்டின மாதிரி இருக்கு. இது கடையிலேயே இப்படித்தான் வருமா? இல்ல, அவரே கட்டிக்கிட்டாரா?"

என் முடிச்சை என் கண் அடையாளம் கண்டுகொண்டது. முந்திக்கொண்டவர் மாமா.

"கம்பெனியிலேயே அப்படித்தாம்மா வரும். புதுசுல எல்லாத்துலயும் கட்டியிருக்கும்."

அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். "அப்போ அவரு கட்டல."

"சேச்சே, இல்லம்மா."

"ஆனா இழுக்கவும் இல்ல." ஜாக்கெட்டைப் பைக்குள் வைத்தார். "படகு கவிழ்ந்தது காத்துல. அது சரி. ஆனா கயிறு கையில இருந்தும் இழுக்கலைன்னா, எங்க ரெண்டு பேரையும் வேண்டாம்னு விட்டுட்டார்னுதானே அர்த்தம். எம் பொண்ணு அப்பா போட்டோவைத் திருப்பி வெச்சிருக்கா. நான் நேரா வெச்சா மறுபடி திருப்பறா." எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே இறங்கினார்.

மாமா என் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் கவுண்டரில் கிடந்த ஒரு பச்சை இழையைப் பார்த்தேன். பையில் வைக்கும்போது உதிர்ந்த துண்டு. அதன் நுனி சுருண்டிருந்தது.

அவ்வளவு நேரம் முடிச்சையே பார்த்தவன் நுனியைப் பார்க்கவில்லை. நான் கத்தரியால் வெட்டிய நுனிகள் நேரானவை. இது சுருண்டிருந்தது, இழுத்து அறுந்தது. ஆறு வாரமாக நான் தொங்கிக்கொண்டிருந்த சமாதானமும் அதோடு அறுந்தது. அவர் இழுத்திருக்கிறார். காலிக் குப்பியை வைத்துக்கொண்டு இழுத்திருக்கிறார். இதைச் சொல்லாவிட்டால் ஒரு மனிதர் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுப் போனவராகவே நிற்பார். சொன்னால் நான் கொன்றவன்.

மாமாவின் கையை உதறிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது.

"அந்த முடிச்சு நான் போட்டது. கம்பெனி இல்ல, அவரும் இல்ல. நான்." எல்லாவற்றையும் அங்கேயே, நின்றபடி, வரிசையாகச் சொன்னேன். கிளப் ஆட்கள், காலிக் குப்பி, எழுதாமல் விட்ட பெட்டி, சொல்லாமல் விட்ட குழாய். சுருண்ட இழையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இது வெட்டினது இல்லம்மா. அறுந்தது. அவர் இழுத்திருக்காரு. நான் குடுத்தது வேலை செய்யல."

அவர் அழவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்த இழையை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஊசியில் நூல் கோர்க்கிறவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். வந்த பஸ் நின்று, அவர் ஏறாததால் போய்விட்டது.

"இது எனக்குத் தெரியாம இன்னும் எத்தனை நாள் வெச்சிருந்திருப்பீங்க?"

"தெரியல."

"போலீஸ்ல சொல்வீங்களா?"

"இப்பவே போறேன்."

"போங்க. ஆனா முதல்ல எங்க வீட்டுக்கு வாங்க. நாலு மணிக்கு எம் பொண்ணு வருவா. நான் சொன்னா நம்ப மாட்டா, என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்றேன்னு நினைப்பா. நீங்க சொல்லணும்."

நான்கு மணிக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் அதற்குமுன் கால் வைத்ததில்லை, ஆனால் அங்கிருந்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. வாசல் தாழ்ப்பாள் நான் தொட்டுக் காட்டியது. கூடத்தில் சாய்ந்திருந்த ஏணி நான் ஏற்றி ஆட வைத்தது. சமையலறைக் குழாய் கனமான பித்தளை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. கூரையில் அடைத்த ஓட்டை காய்ந்து வெள்ளையாக இருந்தது. வீடு முழுக்க என் பேச்சை அவர் மாட்டி வைத்திருந்தார். மேசையை ஒட்டிய குட்டை அலமாரி மேல் ஒரு போட்டோ முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பாதி காலியான பெப்பர்மிண்ட் டப்பா. அந்த வாசனை எனக்கு ஐந்து வாரப் பழக்கம்.

பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். பள்ளிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே மேசை முன்னால் உட்கார்ந்து கேட்டாள். இந்த முறை நான் 'கேட்டுக்கோ' என்று ஆரம்பிக்கவில்லை. அப்பா கயிற்றை இழுத்தார் என்று ஆரம்பித்தேன். என் தப்பை அதன் பின்னால் சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல். சொல்லி முடித்து, அவள் அம்மா எடுத்துத் தந்த ஜாக்கெட்டையும் சுருண்ட இழையையும் மேசையில் வைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. முடிச்சைத்தான் பார்த்தாள்.

"எத்தனை கிலோ தாங்கும்?"

"எட்டு."

"ஒரு தடவை இழுத்தா அறுந்துடுமா?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஆம் என்றால் அவர் பட்ட பாடு சின்னதாகிவிடும், அவளுக்கு வலி குறையும், எனக்கும்தான். ஆனால் இந்தப் பொருளைப் பற்றி ஏற்கெனவே ஒரு தடவை பாதிதான் சொல்லியிருந்தேன்.

"அறுந்துடாதும்மா. நான் போடற முடிச்சு அப்படி. தண்ணிக்குள்ள, குளிர்ல, கை வழுக்கும். நாலஞ்சு தடவையாவது இழுத்திருக்கணும். பலமா. அப்புறம்தான் அறுந்திருக்கும்."

அவள் அம்மா சமையலறை வாசலில் அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பெண் கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தாள். மெல்ல ஒரு தடவை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். மூன்றாம் தடவை ஜாக்கெட்டை மறுகையால் மேசையோடு அழுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், மேசை நகர்ந்தது. ஐந்தாவதோடு நிறுத்தினாள். கயிற்றை விடவில்லை. இன்னொரு கையை நீட்டி, பார்க்காமலே, அலமாரி மேல் இருந்த போட்டோவைத் திருப்பி வைத்தாள்.

டிரைவர் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டு எடுத்த படம் அது. ஒரு கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. நான் அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தேன்.